ஏற முடியாத தேர்

(ஆயுத பூஜைச் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: “பொழுதுபோக்கு மனித மனத்தை விரிக்கிறதா? சுருக்குகிறதா?” ‘விரிக்கிறதே’ என்ற அணியில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! சுருக்குவதற்கென்றே கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருக்கும் எதிரணி நண்பர்களே! விரிந்த உள்ளத்தோடு கூடியிருக்கும் மதுரைப் பெருமக்களே! பொரிகடலையும் சுண்டலும் தட்டில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார்கள். “எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார். வயசு ஐம்பதைத் தாண்டியாச்சு. மாடி அறையைச் சாத்திக்கிட்டு பொம்மை ரயில் விடுறார். கீழே அவர் சம்சாரம் கேஸ் சிலிண்டரைத் தனியா உருட்டிக்கிட்டு இருக்காங்க. இவர் மேலே கூட்ஸ் வண்டியை உருட்டிக்கிட்டு இருக்கார். இதுவா மனசை விரிக்கிறது?” நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்வின்னா எதிரணியா இருந்தாலும் தட்டணும்ல! (சிரிப்பு)

அந்தச் சகோதரி பொம்மை ரயில்காரர்கள் மேல் மூன்று குற்றம் சாட்டினார்கள். ஒன்று, காசைக் கரைக்கிறது. இரண்டு, கதவைச் சாத்துகிறது. மூன்று, யாராவது தொட்டுவிட்டால் கோபம் வருகிறது. காசு, கதவு, கோபம். வேறு ஒரு உதாரணமும் எனக்கு வேண்டாம் நடுவர் அவர்களே! அவர்கள் கொண்டுவந்து நிறுத்திய அந்தப் பொம்மை ரயிலிலேயே ஏறி நான் பதில் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

முதலில் இது என்ன பொழுதுபோக்கு என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம்ம ஊர் அகல ரயில் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி. உலகத்தில் அதிகம் பேர் வைத்து விளையாடுகிற மாதிரி ரயிலில் அந்த இடைவெளி பதினாறரை மில்லிமீட்டர். உண்மையான ரயிலின் 87இல் ஒரு பங்கு அளவில் இன்ஜின் செய்வார்கள், பெட்டி செய்வார்கள், ஸ்டேஷன் கட்டுவார்கள், மலை எழுப்புவார்கள், பிளாட்பாரத்தில் டீ குடிக்கிற ஆளைக்கூட நிறுத்துவார்கள். வெள்ளைக்காரன் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். நவராத்திரிக் கொலுவில் படிக்குக் கீழே ‘பார்க்’ வைக்கிறோமே, அது என்ன? மணலைக் கொட்டி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் புல்வெளி ஆக்கி, முகம் பார்க்கிற கண்ணாடியைப் படுக்கவைத்துக் குளம் ஆக்கி, சோப்பு டப்பாவை வீடு ஆக்கி, நடுவிலே ஒரு ரயிலைச் சுற்ற விடுகிறோமா இல்லையா? அதே கலைதானய்யா இது!

இந்த மதுரைக்குப் பக்கத்திலே, திருப்பரங்குன்றத்தை ஒட்டி விளாச்சேரி இருக்கிறது. மண்ணைக் குழைத்துப் பொம்மை செய்கிற ஊர். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை. அதே கை, அதே மண். யார் வீட்டுக்குப் போகிறது என்று அந்த மண் கேட்பதில்லை. உலகத்தைச் சின்னதாகச் செய்கிறவனுக்கு மனசு சின்னதாக இருக்க முடியாது என்பதற்கு நான் வேறு சாட்சி தேடி எங்கே போவது? (கைதட்டல்)

அதற்கும் முன்னால் போகிறேன். தமிழாசிரியன் மேடை ஏறினால் சங்க இலக்கியத்துக்குப் போகாமல் இறங்கமாட்டான். இறங்கினால் அன்றைக்குச் சோறு இறங்காது. (சிரிப்பு) பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரம் வைத்த சிறுதேரைத் தெருவில் உருட்டுகிறார்கள். அதற்குக் குதிரை கிடையாது. பிள்ளையேதான் குதிரை. ஆண்பால் பிள்ளைத்தமிழ் என்றால் கடைசிப் பருவம் எது? சிறுதேர்ப் பருவம். குழந்தை வளர்ந்துவிட்டது என்பதற்கு நம் புலவர்கள் வைத்த அடையாளமே பொம்மைத் தேர் இழுப்பதுதான்.

குறுந்தொகையில் 61ஆவது பாட்டு. தும்பிசேர்கீரன் என்கிற புலவர் பாடியது. அதில் ஓர் உவமை. தச்சன் ஒரு சின்னத் தேர் செய்து கொடுக்கிறான். அதில் ஏறிப் போகமுடியாது. ஆனாலும் சிறுவர்கள் அதைக் கையால் இழுத்தே மகிழ்ந்துபோகிறார்கள். ஏற முடியாத தேர்! இன்றைக்கு நான் சொல்லவந்த செய்தி முழுவதும் அந்த உவமைக்குள் இருக்கிறது நடுவர் அவர்களே. பெரிய தேரில் ஒருவன் ஏறினால் அவனுக்கு மட்டும் இன்பம். மற்றவன் கீழே நடக்கவேண்டும். சின்னத் தேரில் யாருமே ஏற முடியாது, செய்தவனும் ஏற முடியாது. பார்க்கத்தான் முடியும். பத்துப் பேர் பார்த்தாலும் அந்த இன்பம் பத்தாக வகுபடாது, பத்தால் பெருகும். அதனால் பொம்மை ரயில்காரனுக்குப் பக்கத்தில் இன்னொருத்தன் நின்று பார்த்தே ஆகவேண்டும். கூப்பிடாமல் அவனால் இருக்க முடியாது.

சரி, குற்றச்சாட்டுக்கு வருகிறேன். முதல் குற்றம், காசு.

‘மண்ணியல் சிறுதேர்’ என்று ஒரு நாடகம் இருக்கிறது. சூத்திரகர் வடமொழியில் எழுதிய மிருச்சகடிகத்தை, நம் பக்கத்து மகிபாலன்பட்டியில் பிறந்த பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழில் தந்தார். அதிலே சாருதத்தன் என்று ஒருவன். கொடுத்துக் கொடுத்தே ஏழையானவன். அவனுடைய சின்ன மகன் அழுகிறான். ஏன்? பக்கத்து வீட்டுப் பையனிடம் தங்கத்தில் செய்த பொம்மை வண்டி இருக்கிறது. இவனுக்கு வேலைக்காரி மண்ணில் ஒன்று செய்து கொடுத்திருக்கிறாள். எனக்குத் தங்க வண்டிதான் வேண்டும் என்று அழுகிறான். அப்போது வசந்தசேனை வருகிறாள். ஊரார் கணிகை என்று ஒதுக்கிவைத்த பெண். தன் உடம்பில் இருந்த நகையை எல்லாம் கழற்றுகிறாள். அந்த மண் வண்டியில் நிரப்புகிறாள். “இதைக் கொண்டு தங்க வண்டி செய்துகொள்” என்கிறாள். நாடகத்துக்குப் பெயரே அந்த மண் வண்டியை வைத்துத்தான் வந்தது. தங்க வண்டி வைத்திருந்த பையன் பெயர் யாருக்காவது தெரியுமா? யாருக்கும் தெரியாது! காசு பொம்மையின் விலையில் இல்லை. அதைப் பிள்ளையின் கையில் வைக்கிற மனசில் இருக்கிறது. (கைதட்டல்)

இங்கிலாந்தில் வில்பர்ட் ஆட்ரி என்று ஒரு பாதிரியார். உலகப் போர் நடக்கிற காலம். மகனுக்குத் தட்டம்மை. படுக்கையில் கிடக்கிற பிள்ளைக்கு அப்பா ரயில் இன்ஜின் கதை சொல்கிறார். கதை கேட்ட பிள்ளைக்கு ஒரு இன்ஜின் செய்துகொடுக்க ஆசை. போர்க்காலத்தில் பொம்மைக்கு எங்கே போவது? என்ன எடுத்தார் தெரியுமா? விளக்குமாற்றுக் கட்டை! நம்ம வீடுகளில் அதற்கு வேறு உபயோகம் உண்டு. எதிரணி நண்பருக்கு அனுபவம் இருக்கும் போலத் தெரிகிறது. தலை ஆட்டுகிறார். (பலத்த சிரிப்பு) அந்தக் கட்டையை அறுத்து, வீட்டில் கிடந்த மரத் துண்டுகளைச் சேர்த்து, ஒரு இன்ஜின் செய்து கொடுத்தார். அதுதான் தாமஸ். 1945இல் அந்தக் கதைகள் புத்தகமாக வரத் தொடங்கின. இன்றைக்கு நம் பேரன் பேத்திகள் டி.வி.யில் பார்க்கிற நீலக்கலர் தாமஸ், ஒரு பிள்ளைக்கு அப்பன் கொடுத்த விளக்குமாற்றுக் கட்டை. இதில் காசு எங்கே கரைந்தது?

இரண்டாவது குற்றம், கதவு. பொம்மை ரயில்காரன் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்றார்கள். நான் ஒப்புக்கொள்கிறேன், சாத்துகிறவன் இருக்கிறான். கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு, வருகிறவனிடம் விலையை மட்டும் சொல்கிறவன் இருக்கிறான். ஆனால் அம்மா, அவனுக்கு ரயில் இல்லாவிட்டாலும் அவன் எதையாவது பூட்டத்தான் செய்வான். அது பொழுதுபோக்கு போட்ட பூட்டு இல்லை. அவன் கூடப் பிறந்த பூட்டு! (கைதட்டல்)

திறந்தவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். பூனாவில் ஜோஷி என்று ஒருவர். சின்ன வயதிலிருந்து மாதிரி ரயில் மேல் பித்து. ஆண்டுக்கணக்காகத் தன் கையாலேயே ரயிலும் சிக்னலும் ஊரும் செய்தார். வீட்டுக்குள் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்க்கவில்லை. 1998இல் அதை அருங்காட்சியகமாக்கி ஊராருக்குத் திறந்துவிட்டார்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரம். பிரவுன் என்ற குடும்பத்து இரட்டைப் பிறவிச் சகோதரர்கள் 2001இல் ஒரு மாதிரி ரயில் உலகம் திறந்தார்கள். உலகத்திலேயே பெரியது. தண்டவாளம் மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல். அதாவது இங்கே மதுரை ஸ்டேஷனில் ஆரம்பித்தால் திருப்பரங்குன்றத்தைத் தாண்டிப் போகிற நீளம், ஒரு கட்டடத்துக்குள்ளே! டிக்கெட் உண்டு. ஆனால் ஜனவரி மாதங்களில் அவர்கள் ஒரு வழக்கம் வைத்தார்கள். “டிக்கெட் வாங்க எனக்கு வசதியில்லை” என்று கவுன்ட்டரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உள்ளே விட்டுவிடுவார்கள். சான்றிதழ் கேட்பதில்லை. ரேஷன் கார்டு கேட்பதில்லை. தாசில்தார் கையெழுத்துக் கேட்பதில்லை. (சிரிப்பு) சிரிக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். இல்லாதவனிடம் ‘இல்லை என்பதை நிரூபி’ என்று கேட்பதுதான் உலகத்திலேயே பெரிய அவமானம். அந்த அவமானத்தை அவர்கள் கேட்கவில்லை. கொடுப்பது ஒரு குணம் என்றால், வாங்குகிறவன் தலை குனியாமல் கொடுப்பது அதனினும் பெரிய குணம் இல்லையா?

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் 1946இல் மாணவர்கள் ஒரு மாதிரி ரயில் சங்கம் தொடங்கினார்கள். மேசைக்கு மேலே ரயில் ஓடும். மேசைக்குக் கீழே ஒயர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற சாதனங்களை வைத்து, எந்த வண்டி எந்தப் பாதையில் போகவேண்டும் என்று இணைப்புக் கொடுத்தார்கள். அந்தப் பையன்களில் சிலர்தான் பிறகு கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தார்கள். தாங்கள் எழுதிய புரோகிராம்களை இழுப்பறையில் போட்டு வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், மேம்படுத்தலாம். கம்ப்யூட்டர் உலகத்தில் ‘பகிர்ந்து உண்’ என்கிற பழக்கத்தின் ஒரு வேர், அந்த பொம்மை ரயில் மேசைக்குக் கீழே இருக்கிறது. கதவைச் சாத்தியவர்கள் செய்கிற வேலையா இது?

மூன்றாவது குற்றம், கோபம். இதுதான் பெரிய குற்றம். இதற்கு நான் கொஞ்சம் நின்று பதில் சொல்லவேண்டும்.

2019ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்தில் ஸ்டாம்போர்டு என்ற சிறிய ஊர். பக்கத்து ஊர் மார்க்கெட் டீப்பிங்கைச் சேர்ந்த மாதிரி ரயில் சங்கத்தார் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைக்கிறார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரவிலே நாலு விடலைப் பையன்கள் உள்ளே புகுந்தார்கள். மிதித்தார்கள். வீசி எறிந்தார்கள். காலையில் வந்து பார்த்தால், பல்லாண்டு உழைப்பு தரையில் தூளாகக் கிடக்கிறது. தலை நரைத்த பெரியவர்கள் அந்த நொறுங்கலுக்கு நடுவே நின்று அழுதார்கள்.

சரி செய்ய உதவி கேட்டார்கள். எவ்வளவு கேட்டார்கள்? 500 பவுன். நம்ம கணக்கில் அப்போது ஏறக்குறைய 45 ஆயிரம் ரூபாய். வந்தது எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சம் பவுனுக்கு மேல்! கேட்டதைப்போல் 200 மடங்கு! ராட் ஸ்டூவர்ட் என்று உலகப் புகழ்பெற்ற பாடகர். அவரும் ஒரு பொம்மை ரயில் பைத்தியம். ஆண்டுக்கணக்கில் தன் கையாலேயே ஒரு மாதிரி நகரத்தைக் கட்டியவர். அவர் ஒருவரே 10 ஆயிரம் பவுன் கொடுத்தார். மற்றவர்கள் எல்லாம் பேர் தெரியாதவர்கள். அஞ்சு பவுன், பத்துப் பவுன் கொடுத்தவர்கள். உடைத்தவன் நாலு பேர். கொடுத்தவன் ஆயிரக்கணக்கில். எதிரணிச் சகோதரி அந்த நாலு பேரைக் காட்டி உலகம் சுருங்கிவிட்டது என்கிறார்கள். நான் அந்த ஆயிரக்கணக்கானவர்களைக் காட்டி விரிந்திருக்கிறது என்கிறேன். (கைதட்டல்)

“அதெல்லாம் சீமையிலே நடந்தது, நம்ம ஊரில் உண்டா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். இனிமேல் நான் சொல்லப்போவது இந்த மேடையில் இதுவரை நான் சொல்லாதது.

உடைத்த பையன் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும் நடுவர் அவர்களே. அவன்தான் இப்போது உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறான்.

எங்கப்பா ரயில்வேயில் கேங்மேன். வெயிலில் தண்டவாளத்தைத் தூக்கிக் கட்டுகிற வேலை. இதே மதுரையில் லைன் ஓரமாகக் குடியிருந்தோம். எழுபதுகளின் கடைசி. எனக்கு வயது பத்து. அரசரடிப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். போடி லைனில் கரி இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர். டிரைவரய்யா என்போம். அவர் வீட்டில் நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். பொம்மை கொஞ்சம்தான். பார்க் தான் பெரிசு. அறையில் பாதி. பால் பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி அவரே செய்த இன்ஜின். ஆறு பெட்டி. உள்ளே பழைய கடிகாரத்து ஸ்பிரிங். சாவி கொடுத்தால் கடகடவென்று ஓடும். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என்று அட்டையில் ஸ்டேஷன் பெயர் எழுதி நட்டிருப்பார். களிமண்ணில் மலை செய்து நடுவே வெட்டியிருப்பார், ஆண்டிபட்டிக் கணவாய்! ரயில் அதற்குள் நுழையும்போது அவரே வாயால் ‘கூ’ என்று விசில் கொடுப்பார்.

எங்களைப் போன்ற கேங் வீட்டுப் பிள்ளைகள் உள்ளே போகமாட்டோம். யாரும் தடுக்கவில்லை. நாங்களாகப் போகமாட்டோம். அழுக்குச் சட்டை. காலில் செருப்புக் கிடையாது. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்போம். அந்தம்மா சுண்டலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே கொடுப்பார்கள். “உள்ள வாங்கப்பா”ம்பாங்க. கூச்சம். ஓடிவிடுவோம்.

எட்டாம் நாள் மத்தியானம். நான் மட்டும் தனியாகப் போனேன். வீட்டில் சத்தமில்லை. எல்லோரும் பின்கட்டில் இருந்தார்கள் போல. கதவு திறந்திருந்தது. உள்ளே போய்விட்டேன். இன்ஜினைக் கையில் எடுத்தேன். சாவி கொடுத்தேன். ஓடினால் நிற்கவே கூடாது என்று ஆசை. சுற்றினேன், சுற்றினேன், இறுகின பிறகும் சுற்றினேன். உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஸ்பிரிங் அறுந்துவிட்டது. அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சாவி என் கையிலேயே இருக்கிறது!

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. இன்ஜினை உடைத்தவன். சாவியைத் திருடியவன். எங்கப்பாவுக்குத் தெரிந்தால் முதுகுத் தோல் உரிந்துவிடும். அதைவிட ஒரு பயம். “கேங்மேன் பிள்ளையை உள்ளே விட்டா இப்படித்தான்” என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால்? எங்கப்பா தலை குனிய வேண்டும். எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நிற்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு சாத்திவிடும்.

மறுநாள் காலையில் டிரைவரய்யா எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறார். எங்கப்பா துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு ஓடினார். “என்னங்கய்யா, பய எதுவும் பண்ணிட்டானா?” நான் கதவுக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “ஒண்ணுமில்லப்பா. நம்ம இன்ஜின் ஷெட்டுக்கு வந்திருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ஒரு ஃபயர்மேன் வேணும். உன் பையனை அனுப்பி வை.”

போனேன். அறையில் உட்கார வைத்தார். இன்ஜினைப் பிரித்தார். அறுந்த ஸ்பிரிங்கை எடுத்து என் கையில் வைத்தார். “பாத்தியா? ஸ்பிரிங்னா அறும். இன்ஜின்னா ஃபெயிலாகும். நானும் நடுவழியில நின்னிருக்கேன். ஆனா ஒண்ணு தம்பி. ஃபெயிலான இன்ஜினை விட்டுட்டு டிரைவர் ஓடக் கூடாது.” இவ்வளவுதான். யார் உடைத்தது என்று கேட்கவில்லை. சாவி எங்கே என்று கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டவுசர் பையில் இருந்து சாவியை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “உங்கிட்டயே இருக்கட்டும். இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு நீதான் சாவி கொடுக்கணும். எண்ணிப் பன்னிரண்டு சுத்து. பதிமூணு கிடையாது” என்றார்.

வேறொரு கடிகாரத்து ஸ்பிரிங்கைப் போட்டு அன்று சாயந்தரம் ரயிலை ஓட்டிவிட்டோம். சரஸ்வதி பூஜை. வாசல் கம்பியில் எங்கள் பிள்ளைகள். உள்ளே சாவியோடு நான். “ஏய், உள்ள வாங்கடா, நான் இருக்கேன்ல” என்றேன். வந்தார்கள். அதுவரை சுண்டலை வாசலில் வாங்கியவர்கள், அன்றைக்கு அறைக்குள் உட்கார்ந்து தின்றார்கள். (நீண்ட கைதட்டல்)

அவர் என்னை மன்னித்தார் என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. உடைத்த கையிலேயே சாவியைக் கொடுத்தாரே, அதற்கு என்ன பெயர்? முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. இதோ பக்கத்தில்தான் அவனுடைய பறம்பு மலை, இன்றைய பிரான்மலை. அவன் கொடுத்தது பெரிய தேர். மூவேந்தரும் முற்றுகையிட்ட புகழ். என் டிரைவரய்யா கொடுத்தது சிறுதேரின் சாவி. பாடுவதற்கு ஒரு கபிலர் அவருக்கு இல்லை. அதனால்தான் நான் பேசுகிறேன்.

நான் கல்லூரிக்குப் போன வருஷம் அவர் காலமானார். காரியம் முடிந்ததும் அந்தம்மா எங்களையெல்லாம் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் சொல்லிவிட்டுப் போனபடி ரயிலைப் பிரித்துக் கொடுத்தார்கள். ஆறு பெட்டியும் ஆறு பிள்ளைகளுக்கு. இன்ஜின் இன்னொருத்தனுக்கு. எனக்கு? “உங்கிட்டதான் சாவி இருக்கே தம்பி” என்றார்கள். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒரு பெட்டியாவது கொடுத்திருக்கலாமே என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இன்ஜின் அவன் வீட்டில். சாவி என் வீட்டில். நான் போகாமல் அவன் இன்ஜின் ஓடாது. அவன் இல்லாமல் என் சாவிக்கு வேலை இல்லை. மற்ற ஆறு பேரும் வராமல் அது ரயிலே ஆகாது!

அவர் ஓட்டிய மீட்டர்கேஜ் லைன் 2010ஆம் ஆண்டு முடிகிறபோது நின்றுபோனது. அகலப் பாதை போட்டு 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரயில் போனது. நடுவிலே 12 வருஷம் போடிக்கு ரயில் இல்லை. ஆனால் எங்கள் ரயில் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை நடுவர் அவர்களே. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த இன்ஜின் வீட்டில் கூடுகிறோம். ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான். ஒருவன் தபால்காரன். ஒருவனுக்குப் பேரன் பிறந்துவிட்டான். அவரவர் பெட்டியோடு வருவார்கள். இந்த ஒளிப்பதிவு முடிந்ததும் நான் போகவேண்டிய இடமும் அதுதான். சந்தேகம் இருந்தால் பாருங்கள்... (பேராசிரியர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு சாவியை எடுத்துக் காட்டுகிறார். நீண்ட கைதட்டல்)

எதிரணிச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் மாடியறையில் ரயில் விடுகிற அந்த மனிதரைப் பற்றிச் சொன்னீர்களே. சிலிண்டரை உருட்டாதது அவர் தப்புத்தான். அதற்கு நானும் உங்கள் கட்சி. (சிரிப்பு) ஆனால் ஒரு நாள் அந்த மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டிப் பாருங்கள். “என்ன ஓட்டுறீங்க, நான் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு உங்களைக் கீழே இறங்க விடமாட்டார். அவர் கதவைச் சாத்தினாரா, நாம் யாரும் தட்டவில்லையா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஏற முடியாத தேரை மனிதன் ஏன் செய்கிறான்? கூட நின்று பார்க்க இன்னொரு மனிதன் வருவான் என்ற நம்பிக்கையில் செய்கிறான். அந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் விரிந்த மனம். ஆகவே, பொழுதுபோக்கு மனித மனத்தை விரிக்கிறதே என்று நல்லதொரு தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்கவேண்டும் எனப் பணிவோடு கேட்டு அமர்கிறேன்.